பட்டறையிலிருந்து திரும்பிய காரில் லேசான ஆயில் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்பட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங், டைமிங் செயின், கிளட்ச், அல்லது வெறும் ஆயில் மாற்றம். வேலை எதுவானாலும், கார் வீட்டுக்கு வந்த மறுநாள் தரையில் ஒரு கருப்புச் சொட்டு தெரிந்தால் மனம் பதறத்தான் செய்யும். பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளே செலவை ஏற்றுகின்றன. தேவையில்லாத உதிரிபாகங்கள் மாற்றப்படுவதும், கியர்பாக்ஸ் இரண்டாம் முறை இறக்கப்படுவதும் அப்படித்தான். எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்த சிறிய பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். டீசல் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

தரையில் இருப்பது எஞ்சின் ஆயில்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொட்டு விழும் இடத்தில் இரவு ஒரு வெள்ளைத் தாளை விரித்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். ஏசியிலிருந்து வடிந்த தண்ணீர் காய்ந்துபோய், தாள் சற்றே சுருங்கியிருக்கும். எஞ்சின் ஆயில் காயாது. தாளில் ஊறிப் பரவியிருக்கும். விரலில் தொட்டால் பிசுபிசுக்கும். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும், ஓடிய ஆயில் பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும். டீசல் எஞ்சினில் புது ஆயில்கூடச் சில நாட்களிலேயே கருத்துவிடும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர்போல் ஓடி, இனிப்பு வாடை அடித்தால் அது கூலன்ட். சிவப்பு நிற எண்ணெய் என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அல்லது பழைய வகை பவர் ஸ்டியரிங். கெட்டியாக இருந்து கந்தக நெடி வீசினால் கியர் ஆயில். வெளிர்மஞ்சளாக, மெல்லியதாக, வழுக்கும் தன்மையோடு சக்கரத்தின் உட்புறத்திலோ பெடல்களுக்கு நேர் கீழேயோ தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்தக் காரை ஓட்டக் கூடாது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார்களிலும் அதே திரவம்தான் இருக்கிறது. எனவே கிளட்ச் வேலைக்குப் பிறகு இதைக் கட்டாயம் பாருங்கள்.

நேற்றுதான் ஆயில் மாற்றினேன், இன்று சொட்டுகிறது. இது கசிவா, சிந்திய ஆயிலா?

பெரும்பாலும் சிந்திய ஆயில்தான். பல சிறிய எஞ்சின்களில் ஆயில் பில்டர் பக்கவாட்டில் படுத்த நிலையில் இருக்கும். அதைக் கழற்றும்போது உள்ளே நின்ற ஆயில் புகைக்குழாய் மீதும், குறுக்குச் சட்டம் மீதும், அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டின் மீதும் கொட்டும். துடைக்கத் துடைக்க மூலைகளில் கொஞ்சம் தங்கிவிடும். அது பல நாட்களுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். சூடான புகைக்குழாயில் பட்டதால் முதல் சில ஓட்டங்களில் கருகிய வாடையும் லேசான புகையும் வரலாம்.

வேறுபாடு காண ஓர் எளிய வழி உண்டு. காரை ஒரே இடத்தில் நிறுத்தி, முன்சக்கரம் நிற்கும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். கீழே ஓர் அட்டையை வைத்து, ஒவ்வோர் இரவும் புது அட்டைக்கு மாற்றித் தேதி எழுதிவையுங்கள். கறை நாளுக்கு நாள் சிறுத்தால் அது சிந்தியது. அதே அளவிலோ பெரிதாகியோ வந்தால் கசிவு. இந்த அட்டைகளை எறிந்துவிடாதீர்கள், பட்டறைக்குப் போகும்போது உதவும்.

இதில் பொறுத்துப் பார்க்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் அதன்மேல் புது பில்டரை மாட்டிவிடுவார்கள். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் ஆயில் அழுத்தத்தை அவை தாங்காது. சில நேரம் எஞ்சினை இயக்கிய சில நொடிகளிலேயே பீய்ச்சியடிக்கும். சில நேரம் முதலில் லேசாகக் கசிந்துவிட்டு நெடுஞ்சாலையில் மொத்தமாக விட்டுவிடும். பில்டரைச் சுற்றி ஈரம் தெரிந்தால் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவு இருக்கும்போது காரை ஓட்டலாமா?

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) சொல்வதைக் கேளுங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடமாவது கழித்து, துடைத்துவிட்டு மீண்டும் செருகிப் பாருங்கள். பல சிறிய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே உள்ள அளவு சுமார் ஒரு லிட்டர். ஒரு மில்லிலிட்டர் ஆயில் என்பது ஏறத்தாழ 20 முதல் 30 சொட்டு. ஓர் இரவில் 10 சொட்டு விழுந்தால் போவது அரை மில்லிலிட்டருக்கு மேல் இல்லை. ஆனால் நின்றிருக்கும்போது 10 சொட்டு விடும் கார், ஓடும்போது அழுத்தத்தில் எவ்வளவு விடுகிறது என்பதைத் தரை காட்டாது, டிப்ஸ்டிக்தான் காட்டும். அதனால் வேலை முடிந்த முதல் வாரத்தில் தினமும் காலையில் ஒரு முறை பாருங்கள்.

மூன்று சூழ்நிலைகளில் கார் நகரவே கூடாது: டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், சொட்டு என்ற நிலை மாறி ஒழுக்காகிவிட்டால், புகைக்குழாய் மேல் ஆயில் தொடர்ந்து விழுந்து புகைந்தால். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு "பக்கத்திலுள்ள பட்டறை வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) பேரிங் உருகிவிடும். அந்த நொடியே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆயில் கீழ்நோக்கி இறங்கும்; ஓடும் காரில் காற்று அதைப் பின்நோக்கித் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் பல நேரங்களில் ஓர் அடிக்கு மேல் தூரம் இருக்கும். ஈரமாக இருக்கும் இடங்களிலேயே எது மிக உயரமானது, எது மிக முன்னால் இருப்பது என்று தேடுங்கள். எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் ஆயில் சேம்பர் முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்து "சேம்பர் பேக்கிங் போய்விட்டது" என்று சொல்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. எஞ்சினில் எங்கே கசிந்தாலும் கடைசியில் ஆயில் வந்து சேரும் இடம் சேம்பர்.

அழுக்கு எஞ்சினில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் எஞ்சின் ஆறியபின் டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) தெளித்து, பிரஷால் தேய்த்து, மிதமான தண்ணீரில் கழுவி, நன்றாக உலர விடுங்கள். ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், வயர் இணைப்புகளைப் பாலிதீன் பையால் மூடிவிடுங்கள். அழுத்தத் தண்ணீர் வேண்டாம். சில பட்டறைகளில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவும் பழக்கம் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கழுவிய பின் ஒரு எண்ணெய்ப் படலம் தங்கிவிடுவதால் புதுக் கசிவு தெரியாமல் போகிறது. சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் தீ அபாயமும் இருக்கிறது.

காய்ந்தபின் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவுங்கள். பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை 15 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மீண்டும் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஒரு நரம்புபோல் கோடு போட்டிருக்கும்; அதன் மேல்முனைதான் நீங்கள் தேடும் இடம். கை நுழையாத இடத்துக்குச் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கம்பியில் கட்டி நீட்டலாம். கைபேசிக் கேமராவை வீடியோவில் வைத்தும் நுழைக்கலாம்.

எஞ்சின் அணைந்து நிற்கும்போதும் கசிகிறதா, ஓடும்போது மட்டும் கசிகிறதா என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டும் சேம்பர் ஓரமும் எப்போதும் ஆயிலில் நனைந்திருப்பவை; நின்றாலும் கசியும். பில்டர், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் (சிவப்பு ஆயில் விளக்கை இயக்குவது) போன்றவை அழுத்தத்தில் மட்டுமே கசியும். இந்த ஒரு கேள்வியிலேயே சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடும்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் புற ஊதா சாயம் இருக்கிறது. எஞ்சின் ஆயிலுக்கென்றே விற்கும் சாயத்தைப் பாட்டிலில் சொன்ன அளவு ஊற்றி, ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசியும் இடம் மஞ்சள்பச்சையாக ஒளிரும். எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை.

அடியில் படுக்கும் முன் ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். ரேடியேட்டர் பேன் எஞ்சின் அணைந்த பிறகும் தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையை அதன் அருகே கொண்டுபோக வேண்டாம்.

எந்த வேலைக்குப் பிறகு எங்கே பார்க்க வேண்டும்?

கடைசியாகத் திறந்த இடத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். அதை மட்டுமே சந்தேகிப்பதும் தவறு.

ஆயில் மாற்றம் என்றால் பில்டர் வளையமும் டிரெயின் போல்ட் வாஷரும். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரு முறை நசுங்கித்தான் அடைக்கும். பழையதையே மாட்டினால் வியர்வைபோல் கசியும். வாஷரின் விலை மிகச் சொற்பம், ஒவ்வொரு முறையும் புதிது போடச் சொல்லுங்கள். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் தொல்லைதான். கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், உள்ளழுத்தம் ஏறும், பலவீனமான சீல் (சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கும் வளையம்) வழியே ஆயில் வெளியேறும்.

டேப்பட் கவர் பேக்கிங் மாற்றியிருந்தால் மூலைகளைப் பாருங்கள். குறிப்பாக டைமிங் செயினை மூடும் டைமிங் கவர், சிலிண்டர் ஹெட், டேப்பட் கவர் மூன்றும் சந்திக்கும் இடம். அங்கே இரண்டு உலோகத் துண்டுகளின் மேற்பரப்பு மயிரிழை அளவு ஏறி இறங்கியிருக்கும். ரப்பர் பேக்கிங் அந்தப் படியை அடைக்காது. ஒரு பொட்டு சிலிக்கான் பசை வைத்துத்தான் அடைக்க வேண்டும். நம் ஊர் மெக்கானிக்குகள் அனபாண்ட் என்றே சொல்வார்கள். அந்தப் பொட்டு வைக்க மறந்த கார்களில், மூலையில் தூசி படியாத ஒரு மெல்லிய ஈரக்கோடு தெரியும். டைமிங் கவர் ஓரமாகவே கீழிறங்கி வரும். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கும். பழைய பசையைச் சுரண்டாமல் மாட்டியிருந்தாலும் இதே கதைதான்.

டைமிங் வேலை என்றால் முன் கிராங்க் சீலும் டைமிங் கவர் ஓரமும். புது சீலின் உதடு மாட்டும்போது மடங்கியிருக்கலாம். அல்லது பழைய சீல் உராய்ந்து கிராங்கில் தடம் விழுந்திருக்கலாம். புது சீல் அதே தடத்தில் உட்கார்ந்தால் அடைக்காது. சாதாரண ரப்பர் சீலின் உதட்டில் சிறிது ஆயில் தடவி மாட்ட வேண்டும். டெஃப்லான் வகை சீலை எதுவும் தடவாமல் உலர்வாகவே மாட்ட வேண்டும். இதை மாற்றிச் செய்ததால் கசிந்த கார்கள் உண்டு. டைமிங் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட் உள்ள கார்களில் இந்தக் கசிவைத் தள்ளிப்போடவே கூடாது. ஆயில் பட்ட பெல்ட் ஊதிப் பிரியும். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதிவிடும்.

டர்போ டீசலில் வேலை பார்த்திருந்தால் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயின் பேக்கிங்கைப் பாருங்கள். இன்டர்கூலர் ஹோசுக்குள் லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பது வழக்கமானதுதான்.

கிளட்ச் மாற்றிய பிறகு கியர்பாக்ஸ் அடியில் சொட்டுகிறது. பின் கிராங்க் சீல் போய்விட்டது என்கிறார்கள். நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம். இது இருப்பதிலேயே செலவு பிடிக்கும் தீர்ப்பு, ஏனென்றால் கியர்பாக்ஸை மீண்டும் இறக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தள்ளுபடி செய்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

கிளட்ச் மாற்றிய ஒரு ஹேட்ச்பேக் இப்படித்தான் என்னிடம் வந்தது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பெல் ஹவுசிங்கின் மேற்புறமும் ஈரம். பின் சீல் கசிந்தால் ஆயில் உள்ளே இறங்கி அடியில்தான் வரும். மேற்புறம் நனைய வழியே இல்லை. மேலே தேடிக்கொண்டு போனதில் எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம் இருந்த ஆயில் பிரஷர் ஸ்விட்சில் போய் நின்றது. அதன் வயர் முனையைக் கழற்றியதும் உள்ளிருந்து ஆயில் வழிந்தது. கியர்பாக்ஸை இறக்கும்போது வயர் இழுபட்டு ஸ்விட்சின் பிளாஸ்டிக் விரிந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது மட்டும் அந்த விரிசல் வழியாக ஆயில் வந்து, பிளாக்கோடு வழிந்து, பெல் ஹவுசிங்கைச் சுற்றி அடியில் சொட்டியிருக்கிறது. ஒரு ஸ்விட்ச்சை மாற்றியதோடு வேலை முடிந்தது.

டேப்பட் கவரின் பின் ஓரம் கசிந்தாலும் இதே பாதைதான். ஆகவே முதலில் மேற்புறம் ஈரமா, உலர்வா என்று பாருங்கள். உலர்வாக இருந்து அடித்துளையில் மட்டும் சொட்டினால், அடுத்து அந்த ஆயிலை முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி வந்தால் அது கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட் சீல். எஞ்சின் ஆயிலே அல்ல. எஞ்சின் ஆயில்தான், மேலேயும் உலர்வு, கிளட்ச் வழுக்கவோ அதிரவோ தொடங்கியிருக்கிறது என்றால் பின் சீல் மீது சந்தேகம் வலுக்கிறது. அப்போது கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே பின் சீலைப் பார்த்துவிடுவது நல்ல பட்டறையின் வழக்கம். அடுத்த முறை வேலை கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

பேக்கிங் எல்லாம் புதிது. ஆனாலும் ஒன்று மாற்றி ஒன்று கசிகிறது. ஏன்?

பிசிவி வால்வைப் பாருங்கள். பிஸ்டன் ஓரமாகக் கீழிறங்கும் வாயுவை வெளியே எடுத்து எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு சேர்ப்பது அதன் வேலை. அது கரி பிடித்து அடைத்தாலோ, வேலையின்போது அதன் ஹோஸ் மடங்கினாலோ, இடம் மாற்றி மாட்டப்பட்டாலோ, உள்ளழுத்தம் ஏறி எந்த ஓட்டை கிடைத்தாலும் அதன் வழியே ஆயிலைத் தள்ளும். பேக்கிங் மாற்றிக்கொண்டே போனாலும் நிற்காது.

சோதனை எளிது. பெட்ரோல் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு மெல்லிய தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நலம். படபடவென்று வெளியே தூக்கியடித்தால் காற்றோட்டம் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டீசலில் கொஞ்சம் வெளியே தள்ளுவது இயல்பு.

ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் இருக்கிறது. அதுவும் கசிவுதானா?

ஆம். டேப்பட் கவரோடு சேர்ந்த குழாய் சீல்கள் கசிகின்றன. பல கார்களில் இவை பேக்கிங்கோடு சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். வாங்காமல் விட்டிருப்பார்கள். தரையில் சொட்டாது, ஆனால் இக்னிஷன் காயிலைக் கெடுத்து எஞ்சினைத் தடுமாற வைக்கும்.

போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் கசிவு நிற்காதா?

பெரும்பாலும் நிற்காது. டேப்பட் கவர் போல்ட்டுகளுக்குப் பல கார்களில் 8 முதல் 11 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு அது. கை வலுவுக்கு இது மிகக் குறைவு. பல கார்களில் போல்ட்டைச் சுற்றி ஓர் உலோகக் குழல் இருக்கும். அது தட்டியதும் பேக்கிங் அதற்கு மேல் நசுங்காது. அதற்கு அப்பால் முறுக்கினால் பிளாஸ்டிக் கவர் விரியும், அல்லது அலுமினியத்தில் மரை போகும். டிரெயின் போல்ட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை பல கார்களில் சொல்லப்படுகிறது. உங்கள் காருக்கான அளவு பழுது கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் முறுக்கும் பட்டறையில் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வெளிப்புறத்தில் பசை பூசி அடைத்துவிடலாமா?

கூடாது. ஆயில் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. உள்ளிருந்து வரும் அழுத்தம் அதை உரித்துவிடும். கழற்றிச் சுத்தம் செய்து, உலர்த்தி, மெல்லிய இழையாகப் பூசி, டியூபில் சொன்ன நேரம் காயவிட வேண்டும். பல டியூபுகளில் முழுதாக இறுக 24 மணி நேரம் என்றிருக்கும். மாலையில் பூசி இரவே ஆயில் ஊற்றி வண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றால் கசிவுக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. அள்ளிப் பூசுவதும் ஆபத்து. உள்ளே பிதுங்கிய பசை துண்டுதுண்டாகப் பிய்ந்து சேம்பரிலுள்ள ஆயில் சல்லடையை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயிலே ஏறாது.

கசிவை நிறுத்தும் மருந்து, கெட்டியான ஆயில் இவை பயன்படுமா?

வேலை முடிந்ததும் வந்த கசிவுக்குப் பயன்படாது. அந்த மருந்துகள் வயதாகிச் சுருங்கிய ரப்பரை ஊதச் செய்பவை. மடங்கிய சீலையும் மறந்துபோன வாஷரையும் அவை சரிசெய்யாது. 5டபிள்யூ-30 தர ஆயில் சொல்லப்பட்ட எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் குளிரில் இயக்கும்போது ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

பட்டறையில் எப்படிப் பேசுவது?

குற்றம் சாட்டாமல், ஆதாரத்தோடு. "அண்ணே, சனிக்கிழமை டேப்பட் பேக்கிங் மாற்றினீர்கள். கழுவிவிட்டுப் பார்த்தேன், டைமிங் கவர் பக்கத்து மூலையில் ஈரம் வருகிறது, படம் இருக்கிறது" என்று சொன்னால் நல்ல மெக்கானிக் உடனே பானெட்டைத் திறப்பார். பில், ஜாப் கார்டு, கிலோமீட்டர் கணக்கு, தேதி எழுதிய அட்டைகள், படங்கள் கையில் இருக்கட்டும். அவர்கள் பார்ப்பதற்கு முன் வேறு இடத்தில் கழற்ற விடாதீர்கள். பிறகு யார் மாட்டியது என்ற சண்டை வரும். புதிதாக எதையாவது மாற்ற வேண்டும் என்றால், கசியும் இடத்தை உங்கள் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத கசிவுக்குப் பாகம் மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு சரிசெய்ய மறுத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது சேவைக் குறைபாடாகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைப்பதற்கு முன் எழுத்தில் ஒரு புகாரைப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு கசிந்தால் விட்டுவிடலாம்?

பழைய காரில் பேக்கிங் ஓரம் ஈரம் பூத்துத் தூசி ஒட்டியிருந்தால், சொட்டு விழாமல், டிப்ஸ்டிக் அளவு அசையாமல் இருந்தால் விட்டுவைக்கலாம். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். ஆனால் வேலை செய்த அதே இணைப்பில் ஈரம் வந்தால், அது எவ்வளவு சிறிதானாலும் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அதற்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

தரையில் படிந்த கறையை எப்படிப் போக்குவது?

கறைமேல் மரத்தூளோ சிமென்ட் தூளோ தாராளமாகக் கொட்டி, செருப்புக் காலால் தேய்த்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் கூட்டி அள்ளிய பின் சலவைத் தூளும் கொஞ்சம் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுங்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ செடிப் பாத்தியிலோ விட வேண்டாம். ஊறிய தூளையும் துணியையும் ஒரு பையில் கட்டிப் பட்டறையில் கொடுத்தால், பழைய ஆயில் எடுப்பவர் வரும்போது அதையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.